அட்டையின் பின்னால் எழுதிய மாதம்

போன மாதம் ஒரு கல்லூரியில் நடந்த தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமான ஒருவனை எதற்காக அழைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். வேறு யாரோ கடைசி நேரத்தில் வர மறுத்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். நாற்பத்தொரு மேசைகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்பதில் ஆளே இல்லை. மூன்று வெவ்வேறு நிறுவனப் பதாகைகளில் ஒரே கைப்பேசி எண் இருந்தது. அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வரிசையில் நின்று மூன்று மேசையிலும் தங்கள் விவரங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முகாமை நடத்திய இளம் அலுவலர் ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், கையேடு ஒண்ணு போடுறோம். வேலை தேடுறது எப்படின்னு நீங்க ரெண்டு மூணு பக்கம் எழுதிக் குடுங்க."

"என்ன எழுதினாலும் இவங்க படிக்கப் போறதில்லையேம்மா."

"செய்ய வேண்டியத எல்லாரும் எழுதுறாங்க சார். அதான் யாரும் படிக்கல. நீங்க பாத்தத எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன். எந்த ஊர் அலுவலகம் என்று மட்டும் எழுத மாட்டேன். தஞ்சைப் பக்கம் என்பது போதும். ஊரைச் சொன்னால் யாராவது பழைய கோப்பைத் தேடி எடுப்பார்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

இன்றைய நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வேலை இல்லை என்பது முழு உண்மை இல்லை. நடவுக்கு வடக்கே இருந்து ரயிலேறி ஆட்கள் வருகிறார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வயலில் இந்த முறை நட்டவர்கள் பதினான்கு பேர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நம் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் கயிறு ஆலைகளில் ஆள் கேட்கிறார்கள், போக ஆளில்லை. அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையங்களுக்குத் தற்காலிகமாக எழுத்தர், காவலர் எடுக்கிறார்கள். அந்த அறிவிப்பு சரியான ஆளுக்குப் போய்ச் சேருவதற்குள் கடைசி நாள் முடிந்துவிடுகிறது. கைப்பேசியில் சுற்றும் வேலை அறிவிப்புகளை நான் சேர்த்துவைக்கிறேன். சென்ற வாரம் வந்தவை இருபத்திரண்டு. அவற்றில் பதின்மூன்றில் கடைசி நாளே குறிப்பிடவில்லை. கடைசி நாள் இல்லாத அறிவிப்பை நான் நம்புவதில்லை. உண்மையில் ஆள் எடுக்கிறவனுக்கு ஒருநாள் கதவை மூடியாக வேண்டும்.

இப்படிப் பார்க்கக் கற்றது அந்தோணிசாமி என்ற அலுவலரிடம். நான் கும்பகோணத்தில் பட்டப்படிப்பு முடித்து, தேர்வெழுதி, இளநிலை உதவியாளராக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து, பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதம் உறைகளில் முகவரி எழுதினேன். பிறகு இரண்டு ஊர் மாறினேன். அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். மூன்றாவது ஊரில்தான் அந்தோணிசாமி வந்தார். எந்தத் தாளையும் அவர் கீழிருந்து மேலாகப் படிப்பார். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு முன்பக்கத்தின் அடியில் இருக்கும் முத்திரை, அதற்கு மேல் கையெழுத்து, அதற்கு மேல் தேதி. பெயர் கடைசியில்தான்.

ஒருமுறை கேட்டேன். "பேரை முதல்ல படிச்சா ஊரு வந்துடும், அப்பா பேரு வந்துடும், யாரு என்னன்னு எல்லாம் வந்துடும். அப்புறம் தாளைப் படிக்க மாட்டோம், ஆளைத்தான் படிப்போம்" என்றார். சத்தம் போட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. யாரையும் உட்காரச் சொல்லியும் பார்த்ததில்லை. ஒரு பதில் பிடிக்கவில்லை என்றால் "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடியிலிருந்து படிக்க ஆரம்பிப்பார். அது போதும், வியர்த்துவிடும்.

கணினி வராத காலம் அது. படித்து முடித்தவர்கள் எங்களிடம் பதிவு செய்வார்கள். அவர்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுப்போம். அதே விவரங்களோடு இன்னோர் அட்டை எங்கள் இழுப்பறைக்குள் இருக்கும். படிப்புவாரியாகப் பிரித்து, பதிவு செய்த தேதி வரிசையில் அடுக்கியிருப்போம். பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று கடிதம் வந்தால் இழுப்பறையின் முன்பக்கத்திலிருந்து எண்ணி எடுத்துப் பெயர் அனுப்ப வேண்டும். யார் முன்னால் பதிந்தாரோ அவருக்கு முதலிடம். இதற்குப் பதிவு மூப்பு என்று பெயர். ஒரு வீட்டில் யாராவது பத்து வருடம் காத்திருந்தார்கள் என்றால் அந்தப் பத்து வருடமும் எங்கள் இழுப்பறையில் ஓர் அட்டை மெல்ல முன்னால் நகர்ந்ததுதான்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து புதுப்பிக்க வேண்டும். அட்டையை வாங்கி, இழுப்பறை அட்டையோடு ஒப்பிட்டு, இரண்டிலும் முத்திரை குத்தி, சுருக்கொப்பம் போட்டு, அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தையும் வருடத்தையும் எண்ணால் எழுத வேண்டும். மாலையில் பேரேட்டின் எண்ணிக்கையும் முத்திரைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். என் நாளில் ஒருமுறைகூட ஒத்துப்போகாமல் இருந்ததில்லை. குறித்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் வராதவர்களின் அட்டைகளை மறுமாதம் முதல் நாள் உருவி, நாடாவில் கட்டி, பின்னறை அலமாரியில் வைத்துவிடுவோம். செத்த அலமாரி என்று அதற்கு அலுவலகத்தில் பெயர். அதற்குள் போனால் மூப்பும் போனது. மறுபடி புதிதாகப் பதிந்து கடைசியில் நிற்க வேண்டும். தாமதத்துக்குச் சலுகை, அவகாசம் எல்லாம் எங்கள் அலுவலகத்தில் அப்போது கிடையாது.

ஒரு பிப்ரவரி முதல் நாள் நான் உருவிக் கட்டிய அட்டைகள் அறுபத்தொன்று. அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, புதுப்பிக்கும் கவுண்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் செல்வராணி, ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம். கவுண்டரில் என் சக ஊழியர் கலியபெருமாள் இருந்தார். நான் பின்னால் பேரேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஒண்ணாம் மாசம்னு போட்டிருக்கு. இது ரெண்டாம் மாசம். முடிஞ்சுபோச்சே."

"இன்னும் தை முடியலையே சார். இன்னிக்கு இருபத்தி ஆறுதான்."

கலியபெருமாள் சிரித்துவிட்டார். "கவர்மெண்டுக்கு ஏதும்மா தையும் மாசியும். பொங்கல் வச்சு ஆபீஸ் நடத்துறோமா நாங்க?"

"அறுப்பு நேரம் சார். நேத்துதான் முடிஞ்சுது. தைக்குள்ள வந்தா போதும்னு நெனச்சேன்."

அவள் கைகளைப் பார்த்தேன். விரல்களில் அரிவாள் பட்ட கீறல்கள் இருந்தன. அட்டையில் ஆசிரியர் பயிற்சி என்று இருந்தது. பதிந்து ஒன்பது வருடம். வாசிப்பவர்கள் இரங்குவார்கள். நான் இரங்கவில்லை, சந்தேகப்பட்டேன். அதற்குக் காரணம் உண்டு. அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். முந்தைய மாதம்தான் அவர் மூலமாக வந்த ஓர் அட்டையில் பழைய தேதி போட்ட போலி முத்திரையைக் கண்டுபிடித்திருந்தோம். இந்தப் பெண்ணின் முறை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அறுபத்தொன்றையும் உருவியபோது அவளுடைய அட்டை இழுப்பறையில் முன்னாலிருந்து முப்பத்தாறாவதாக இருந்தது. அந்த மாதம் நாற்பது பேர் கேட்டுக் கடிதம் வரப்போவதாகப் பேச்சு. இவளை இப்படியே அனுப்பினால் வாசலில் இருக்கும் ஆளிடம் போய் ஜனவரி முத்திரை வாங்கிக்கொண்டு வருவாள் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போய் அட்டையைக் கேட்டு வாங்கினேன்.

"இதச் சரிபாக்கணும். திங்கக்கிழமை வா."

"கார்டு வேணுமே சார்."

"எங்க போயிடும்? ஆபீஸ்லதானே இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். குற்றமுள்ளவர்கள் இப்படித்தான் வார்த்தையை விழுங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அட்டையை அந்தோணிசாமியிடம் கொண்டுபோய் வைத்து, வாசலில் இருக்கும் புரோக்கர் சம்பந்தம் இருக்கலாம், விசாரிக்க வேண்டும் என்றேன். அவர் வழக்கம்போல அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் எழுத்து?"

பின்பக்கத்தின் அடியில், மூலையில், பென்சிலால் 'தை' என்று எழுதியிருந்தது. என் எழுத்து. ஐகாரக் கொம்பை நான் ஒரு சுழி அதிகமாகப் போடுவேன். அவளுடைய முந்தைய புதுப்பித்தலில் கவுண்டரில் இருந்தவன் நான்தான் என்று முன்பக்கத்துச் சுருக்கொப்பமும் சொன்னது.

விளக்கிவிடுகிறேன். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு "இது எந்த மாசம் சார்?" என்று கேட்பார்கள். ஒரு நாளில் முப்பது பேர் கேட்டால் முப்பது முறை சொல்ல வேண்டும். அதனால் பின்பக்கம் பென்சிலால் தமிழ் மாதத்தை எழுதிக் கொடுப்பேன். ஒன்று என்றால் தை, இரண்டு என்றால் மாசி. அதை ஓர் உபகாரமாகவே செய்துவந்தேன். எனக்குத் தை என்பது ஜனவரி காலண்டர் தாளில் பாதியில் வருகிற ஒரு பெயர். வயலை வைத்து வருடத்தை எண்ணுகிறவர்களுக்கு அது பொங்கலன்று தொடங்கி முழுதாக ஒரு மாதம் ஓடி, பிப்ரவரி நடுவில் முடிகிற காலம். தைக்குள் என்றால் தை கடைசி வரை. எதையும் எண்ணிப் பார்க்கிற நான் இந்தப் பதின்மூன்று நாளை எண்ணவில்லை.

"ம்" என்றார் அந்தோணிசாமி. முன்பக்கத்தைத் திருப்பி அடியிலிருந்து படித்தார். பிறகு சொன்னார்: "லேட்டா வந்தா மூப்பு போகும். அத மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆபீஸ் தப்புன்னா மேல எழுதி வாங்கலாம். ஆபீஸ் தப்புன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். திங்கக்கிழமை பாப்போம்."

யாராவது என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அந்த வருடம் பதவி உயர்வுப் பட்டியலில் நான் நான்காவதாக இருந்தேன். எழுத்தில் தவறை ஒப்புக்கொண்டால் என் பெயர் பட்டியலை விட்டுப் போய்விடும். எனக்குக் கீழே ஐந்தாவதாக இருந்தவருக்கு அந்தோணிசாமி வேண்டியவர் என்று ஒரு பேச்சு இருந்தது. என்னை மாட்டிவிடப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அட்டை என் பையில் இருந்தது. வீட்டில் மகன் பென்சில் அழிக்கிற ரப்பர் மேசைமேல் கிடந்தது. அதை எடுக்கவில்லை. ஆனால் அது எங்கே கிடக்கிறது என்பது இரண்டு நாளும் எனக்குத் தெரிந்திருந்தது. இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

திங்கட்கிழமை காலை எனக்கு முன்பே அவள் வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள்.

"அட்டைக்குப் பின்னாடி நான் எழுதியிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் சொன்னா நீங்க இல்லன்னுடுவீங்க. சார் பொய் சொல்றாரான்னு எம்மேலயே பாய்வாங்க. அப்புறம் யாரு எனக்குச் செய்வா?"

"இப்ப மட்டும் ஒத்துக்குவேன்னு எப்படித் தெரியும்?"

அவள் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அட்டையின் இரண்டு பக்கமும் அதில் இருந்தன. பென்சில் எழுத்து மங்கலாக, ஆனால் படிக்கும்படி விழுந்திருந்தது.

"ஒவ்வொரு தடவை புதுப்பிச்சதும் ஒரத்தநாட்டுல ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிடுவேன் சார். எங்க வீட்ல எதக் குடுத்தாலும் எடுத்து வச்சுட்டுத்தான் குடுப்போம். பட்டா வாங்கப் போயி எங்கப்பா ஏமாந்ததுலேந்து."

"பின்பக்கம் எதுக்கு?"

"அதுலதானே சார் நீங்க எழுதியிருக்கீங்க."

அதில் மிரட்டல் இல்லை. எனக்குத் தெரிந்த மிரட்டல்கள் பல வகை, இது அந்த வகை இல்லை. அவளுடைய ஒன்பது வருடம் அந்தத் தாளில் இருந்தது, அதைக் காட்டினாள், அவ்வளவுதான்.

அன்று மதியம் எழுதிக் கொடுத்தேன். நேர்மையால் எழுதினேனா, நகலுக்குப் பயந்து எழுதினேனா என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. அந்தோணிசாமி கேட்கவுமில்லை. தாளை வாங்கி அடியிலிருந்து படித்தார்.

"கையெழுத்து சரி. தேதி சரி. 'தெரியாமல்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க. எடுத்துடுங்க."

"உண்மையிலேயே தெரியாமத்தான் சார் எழுதினேன்."

"அது உங்களுக்குப் பிரயோஜனம். அந்தப் பொண்ணுக்கு இல்ல. மேல படிக்கிறவன் அந்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு, ஊழியர் தெரியாம எழுதினது, மனுதாரர் எண்ணைப் பாத்திருக்கணும்னு முடிச்சுடுவான்."

எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். அடுத்ததில் 'என நினைக்கிறேன்' என்று இருந்ததாம். அதையும் எடுக்கச் சொன்னார். மூன்றாவது முறை நான்கு வரிதான் மிஞ்சியது. இன்ன தேதியில் இந்த அட்டையைப் புதுப்பித்தவன் நான். அடுத்த மாதத்தைத் தை என்று எழுதிக் கொடுத்தவன் நான். மனுதாரர் தை மாதத்துக்குள் வந்துவிட்டார். தவறு அலுவலகத்துடையது. அதைக் கீழிருந்து மேலாகவும் பிறகு, நான் அவரிடம் முதன்முறையாகப் பார்த்தபடி, மேலிருந்து கீழாகவும் படித்துவிட்டு உறையில் போட்டார்.

மண்டல அலுவலகத்திலிருந்து ஆணை வர ஐந்து வாரம் ஆனது. நாற்பது பேர் கேட்ட கடிதம் அதற்குள் வந்துவிட்டது. அந்தோணிசாமி அதற்குப் பதில் அனுப்பாமல் சரிபார்ப்பு, விடுமுறை என்று கடைசி நாள் வரை இழுத்தார். ஆணை அதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. செத்த அலமாரியில் நாடாவை அவிழ்த்து நானே அவளுடைய அட்டையை எடுத்து இழுப்பறையில் சொருகினேன். அறுபது மிஞ்சியது. அந்த அறுபதை மறுபடி கட்டியபோது விரல் கொஞ்சம் நின்றது உண்மை. ஆனால் என் பென்சில் எழுத்து அவர்களிடம் இருக்கும் அட்டையில் அல்லவா இருக்கும், எங்கள் பக்கத்து அட்டையில் இல்லையே என்று கட்டிவிட்டேன்.

தவறுக்கு விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. அந்த வருடப் பட்டியலில் பெயர் இல்லை. இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்துத்தான் உயர்வு கிடைத்தது. ஐந்தாவதாக இருந்தவர் எனக்கு மேலதிகாரியாகவே வந்தார். நல்ல மனிதர்தான் என்று பிறகு தெரிந்தது. அவரையும் வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

வேலை தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதிலேயே இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் திரையில் வருவதையும் அப்படியே படம் பிடித்து வையுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அன்பாக எதையாவது சொன்னால் அதைத் தேதியாகக் கேளுங்கள். மாதம் என்று விடாதீர்கள். அன்பாகச் சொன்னவர் மேலேயும் சந்தேகம் இருக்கட்டும்.

செல்வராணிக்குப் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. பணியில் சேர்ந்ததைப் பதிவேட்டில் குறிக்க நியமன ஆணையோடு ஒரு நாள் வந்தாள். குறித்துக் கொடுத்தேன். கலியபெருமாள், "டீச்சர், எங்க ஆளுக்கு முதல்ல மாசம் சொல்லிக் குடுங்க" என்றார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்.

"உங்க பக்கத்துல வேற யாராச்சும் இப்படி தை, மாசின்னு நம்பி வந்து திரும்பிப் போயிருக்காங்களா?"

"எங்க தெருவுல மட்டும் நாலு பேரு சார்."

"நாலு பேரா? யாரும் வந்து கேக்கலையே."

"லேட்டுன்னு சொன்னாங்க, போயிட்டாங்க. ஒருத்தன் திருப்பூர்ல இருக்கான். ஒரு அக்கா கொத்து வேலைக்குப் போவுது."

ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டேன். "பேரச் சொல்லும்மா."

அவள் தாளைப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது.

"பேரு எதுக்கு சார்?"

"ஏதாவது செய்ய முடியுமான்னு பாக்கத்தான்."

"எழுதிட்டு அப்புறம் என்ன சார் செய்வீங்க?"

இன்னும் நான்கு குறிப்பாணை என்று உள்ளே ஓர் எண்ணம் ஓடியதை என் முகத்தில் அவள் பார்த்தாளோ என்னவோ.

"அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று நியமன ஆணையை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் திரும்ப வரவில்லை. அவர்களும் வரவில்லை. அந்த ஊர் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. எண் மட்டும் போட்ட அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில், வேறு அலுவலகத்துக்கு நான் மாறுகிற வரை, அப்படியே இருந்தது.